கிணறு வெட்டுபவளின் காலிக் கட்டம்

டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஆட்கள் மூன்றே பேர். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அண்ணன் புரோகிராம் எழுதுவான், நான் கதை எழுதுவேன், அண்ணி விளையாடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பார். அதற்கென்றே பிறந்தவர். "கீழ இருக்கிற கிரீஸ் பூரா உன் செருப்புலதான் மேல வருது. வாசல்லயே கழட்டேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார். நானும் இரண்டு வருடமாகக் கழற்றவில்லை. யாராவது 'செய்' என்று சொன்னாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

விளையாட்டின் கதை இதுதான். மலை உச்சியில் ஒரு சாமி. அதைக் கொல்ல ஒரு வேட்டைக்காரன் வருகிறான். விளையாடுபவர்தான் அந்த வேட்டைக்காரன். அடிவார ஊரில் நாற்பது பக்தர்கள். ஒரே ஒருவர் மிச்சமிருந்தாலும் சாமி சாகாது. அதனால் நாற்பது பேரையும் ஆசை காட்டியோ மிரட்டியோ சாமியைக் கைவிட வைக்க வேண்டும். ஒவ்வொருவர் கைவிடும்போதும் உச்சியில் ஒரு விளக்கு அணையும்.

"நாப்பது பேருமா சாமியக் காட்டிக்கொடுப்பாங்க? ஒருத்தர்கூடவா மிஞ்ச மாட்டாங்க?" என்று அண்ணன் ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தான்.

"எல்லாரும் ஏதோ ஒண்ணு கேட்டுத்தானே சாமிகிட்டப் போறாங்க? அதையே வேற ஒருத்தன் குடுத்தா அவன் பின்னாடி போயிடுவாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

எனக்குத் தெரியாதா? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் கேட்டேன். கிடைக்கவில்லை. அன்றோடு சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள் நான்.

ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு பக்தருக்கும் ஒரு வரி: தொழில், பயம், சாமியிடம் கேட்டது. வேட்டைக்காரன் எதைக் கொடுக்க வந்தாலும், அவர் சாமியிடம் கேட்டதோடு கம்ப்யூட்டர் எடை போட்டுப் பார்க்கும். அவன் பக்கம் கனத்தால் பக்தர் சாய்வார்.

அன்று நான்கு மணிக்கு, விளையாட்டை வாங்கி வெளியிடும் கம்பெனிக்காரர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஆபீஸைப் பூட்டிச் சாவியை டயர் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அண்ணி காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். படகோட்டி ஒரு புதுப் படகுக்குச் சாய்ந்தான். பார்வை மங்கிய தையல்காரர் கண்ணுக்காகச் சாய்ந்தார். மதியத்துக்குள் முப்பத்தொன்பது விளக்குகள் அணைந்தன.

நாற்பதாவது ஆள், கிணறு வெட்டுபவள். அவளிடம் அண்ணியின் பருப்பு வேகவில்லை. நிலம் தருகிறேன் என்றார், அரண்மனை தருகிறேன் என்றார், தலையை வெட்டுவேன் என்றார், தலைகீழாக நின்று பார்த்தார். அவள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்ப்பாள். மறுபடி குனிந்து தோண்டுவாள்.

"உங்க புரோகிராம்ல ஏதோ கோளாறு. வந்து பாருங்க" என்று அண்ணி அண்ணனை அழைத்தார்.

அவன் அரை மணி நேரம் பார்த்தான். "என் பக்கம் ஒண்ணும் இல்ல. இவ வரியில 'சாமியிடம் கேட்டது' காலியா இருக்கு. எதோட எடை போடும்?" என்றான்.

என் தப்புதான். முப்பத்தொன்பது பேருக்கு எழுதிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, முடிந்தது என்று மூடியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அப்புறம்தான் அது எனக்கு உறைத்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடம் அந்தச் சாமியிடம் போயும் ஒன்றும் கேட்காமலே திரும்பி வந்திருக்கிறாள். அவளை எதைக் கொடுத்து வாங்க முடியும்?

"நிரப்பு, நேரமாகுது" என்றான் அண்ணன்.

'பிள்ளை பிழைக்க வேண்டும்' என்று தட்டினேன். அண்ணி அதைக் கொடுப்பதாகச் சொன்ன மறுநொடி, அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மலையைக் கை காட்டினாள். கடைசி விளக்கும் அணைந்தது. ஜெயித்த அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

"ச்சே. இவ்வளவு நேரம் ஒரு மனுஷி நின்னா. இப்ப பொம்மை நிக்குது" என்றார்.

யாரும் சொல்லாமலே நான் எழுதியதை அழித்தேன்.

"அப்போ யாராலயும் ஜெயிக்கவே முடியாதே! வர்றவர்கிட்ட என்னன்னு சொல்லுவ?" என்றான் அண்ணன்.

"தெரியலண்ணா. ஆனா இவள நான் தொட மாட்டேன்."

கம்பெனிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். முப்பத்தொன்பது விளக்குகள் அணைந்த இடத்திலிருந்தே அவரை விளையாட விட்டோம். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அவளோடு மல்லுக்கட்டினார். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு, மலை மேலிருந்த அந்த ஒற்றை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாமி எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

நாற்பது பக்தர்களை எழுதியவள், சாமியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

"இவ்வளவு நேரம் கொல்லத்தான் பார்த்தேன், யாருன்னு கேக்கவே தோணல. இவளுக்குத் தெரியும்போல. இவகிட்ட கேக்க ஏன் ஒரு வழி வைக்கல?"

"எழுதல சார்."

"எழுதுங்க. ஒரு வாரம் தர்றேன். இவ சொல்றதக் கேட்டுட்டுத்தான் மத்ததப் பேசுவேன்" என்று கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, திரையில் நின்ற கிணறு வெட்டுபவளின் எதிரே உட்கார்ந்தேன். என்ன சொல்வாள்? ஒரு எழுத்துகூட வரவில்லை. அம்மா போனதிலிருந்து நான் எதன் முன்னாலும் இப்படி உட்கார்ந்ததில்லை.

"என்ன அதிசயம்! செருப்ப வாசல்லயே விட்டுட்டு வந்திருக்க?" என்றபடி அண்ணி படியேறி வந்தார். மேற்கொண்டு கேலி செய்ய வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.