விரியும் முனை

பத்மநாபனுக்கு வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேச வராது. துபாயில், தேராவில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையில் வில், அம்புப் பகுதி அவன் பொறுப்பு. சேர்ந்த நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் "மாஃபி முஷ்கில்", ஒரு பிரச்சினையும் இல்லை, என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன். படகில் போகிறவர் பாலைவனக் கூடாரம் கேட்டாலும் அதையே சொல்வான், பாலைவனத்துக்குப் போகிறவர் தூண்டில் கேட்டாலும் அதையே சொல்வான். முதலாளிக்கு அவனைப் பிடிக்கும். வாங்க வருகிறவர்களுக்கு இன்னும் பிடிக்கும். தலையாட்டுகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது?

இத்தனைக்கும் அவன் உறையூர்க்காரன், சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். மானை வண்டலூரில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் எந்த வில்லுக்கு எந்த அம்பு, எந்த அம்புக்கு எந்த முனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். எஞ்சினீயரிங் படிப்பு இப்படி ஒரு விதத்தில் உதவிக்கொண்டிருந்தது.

மக்தூம் அந்தக் கடைக்கு ரொம்ப நாளாக வருகிறவர். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தோளில் ஆபரேஷன் ஆன பிறகு சாதாரண வில்லை இழுக்க முடியாமல், துப்பாக்கி மாதிரித் தோளில் வைத்து விசையைத் தட்டும் குறுக்குவில்லுக்கு மாறியிருந்தார். அதிலும் இழுவிசை குறைந்த, மெலிசான வில். பலமான வில்லை நாண் ஏற்ற ஒரு கைச்சுழலி உண்டு. அதைக் காட்டினால், "இது கிணத்துல தண்ணி இறைக்கிற சாமான்," என்று ஒதுக்கிவிடுவார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு விருந்தில் காபிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. அவ்வளவுதான். தம்பிமார்களும் அவர்கள் பிள்ளைகளும் 'கை நடுங்குகிறது' என்று முடிவு கட்டிவிட்டார்கள். காரை ஓட்ட விடுவதில்லை, கத்தியால் பழம் நறுக்க விடுவதில்லை. மனுஷன் மரியாதையானவர், எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. குடும்பத்தோடு டெக்சஸுக்கு மான் வேட்டைக்குப் போகிற ஏற்பாடு வந்தபோது மட்டும் நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். எல்லோர் கண் முன்னாலும் ஒரு மானை ஒரே அம்பில் சாய்த்துவிட்டால் இந்தப் பேச்சு ஓய்ந்துவிடும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மறுநாள் விடியற்காலை விமானம். முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வந்து கண்ணாடி மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அவர்கள் பேசிக்கொள்வது அரபி கலந்த ஹிந்தியில். அவனுக்கு அவர் 'அர்பாப்', அதாவது ஐயா.

"யா பத்மா, இது உன் கையா இருந்தா, உன் தோளா இருந்தா, எந்த முனையைப் போடுவே?"

பத்மநாபன் இரண்டு முனைகளை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று நிலையான முனை. அதன் பிளேடுகள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எலும்பில் பட்டால்கூடத் துளைத்துக்கொண்டு போகும். ஆனால் பறக்கும்போது காற்று அந்தப் பிளேடைப் பிடித்து அம்பை லேசாகத் திருப்பிவிடும். பிளேடே இல்லாத பயிற்சி முனை விழுந்த இடத்தில் இது விழாது. அதனால் மைதானத்துக்குப் போய் எய்து பார்த்து, வில்லின் மேலிருக்கும் ஸ்கோப்பை மறுபடி சரி செய்தாக வேண்டும்.

மற்றது விரியும் முனை. பிளேடுகள் மடங்கியே இருக்கும், மானின் மேல் பட்டதும் விரியும். பயிற்சி முனையைப் போலவே நேராகப் போகும், ஸ்கோப்பைத் தொட வேண்டியதில்லை. காயமும் அகலம். ஆனால் பிளேடு விரிவதற்கே வேகத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். பலமான வில்லுக்கு அது ஒரு பொருட்டல்ல. மெலிசான வில்லுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்?

கனமான அம்பு, நிலையான முனை. மக்தூமின் வில்லுக்கு அதுதான் பொருத்தம் என்று பத்மநாபனுக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அதைச் சொன்னால், கடையின் பயிற்சி மைதானத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மைதானம் ஊருக்கு வெளியே, அல் அவீர் பக்கம். போய், ஸ்கோப்பைச் சரி பார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். அதற்குப் பிறகு ஷார்ஜா ரோட்டில் இறங்கினால் வீடு போய்ச் சேர்வது எந்த யுகத்திலோ. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாயில் வேலை பார்க்கிறவனைக் கேளுங்கள், சொல்வான். அவனுக்கு நாளின் நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாமே அந்த ரோடுதான். பத்மநாபனின் கண் தன்னை அறியாமல் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

விரியும் முனையை அவர் பக்கம் நகர்த்தினான். "இதையே எடுத்துக்குங்க அர்பாப். ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். உங்க பழைய அம்பே போதும்."

மக்தூம் முனையை விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "என் வில்லுக்கு இது காணுமா?"

"மாஃபி முஷ்கில்."

அன்றைக்கு என்னவோ ரோடு காலியாகக் கிடந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, சுடச்சுட அடை தின்று, சோபாவில் கால் நீட்டிப் படுத்தான்.

சில வாரம் கழித்து மக்தூம் வந்தார். சலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். துணியில் சுற்றியிருந்த ஓர் அம்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மான் விழலை பத்மா. தோள்பட்டைகிட்ட பட்டுச்சு. துள்ளி ஓடிருச்சு. நாயை விட்டுத் தேடினோம். கொஞ்ச தூரத்துல அம்பு மட்டும் கிடந்துச்சு. அதுக்கப்புறம் ரத்தம்கூட இல்லை. பக்கத்துப் பண்ணை வேலியோட சரி, அந்தப் பக்கம் போக விடமாட்டாங்க."

பத்மநாபன் அம்பைக் கையில் எடுத்தான். உலர்ந்த ரத்தம் நுனியிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு மேல் ஏறவில்லை. ஒரு பிளேடு முழுதாக விரிந்திருந்தது. மற்றது பாதியில் வளைந்து நின்றுவிட்டது. அவனுக்கு வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அம்பு போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. உள்ளே இறங்க அதனிடம் பலம் இல்லை. நிலையான முனையாக இருந்திருந்தால் அந்தத் தோள் எலும்பைத் தாண்டியிருக்கும், மான் அங்கேயே விழுந்திருக்கும்.

"பிஸ்மில்லா சொல்லி விட்ட அம்பு," என்றார் மக்தூம். "அந்த உயிரை நான் முடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. எங்கேயோ வலியோட நின்னுக்கிட்டிருக்கும். தம்பி சரியாத்தான் சொன்னான். என் கை போயிருச்சு."

பத்மநாபன் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அந்தப் பக்கமாக முதலாளி வந்து மக்தூமின் தோளை அணைத்து நலம் விசாரித்தார். பத்மநாபன் வாயை மூடிக்கொண்டான்.

போகும்போது மக்தூம் வாசலில் நின்று சொன்னார். "வர்ற வெள்ளிக்கிழமை என் வேட்டைப் பருந்தைத் தம்பிகிட்டக் குடுத்துடறேன். நடுங்குற கையில பருந்து உட்காரக் கூடாது. அதுக்கு நல்லதில்லை."

வேட்டைப் பருந்தை வளர்க்கிறவர்களை அந்த ஊரில் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும். மக்தூமின் மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் வெளிநாட்டில். காலையில் எழுந்ததும் அவர் பேசுவது அந்தப் பருந்தோடுதான். அது போய்விட்டால் வீட்டில் அவருக்கென்று காத்திருக்க ஒன்றும் கிடையாது.

பத்மநாபனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சந்திரகலா தட்டைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"தெரிஞ்சே மாத்திக் குடுத்தீங்களா?" என்றாள்.

"அல் அவீர் போகணும்... திரும்பி வர லேட் ஆயிரும்னு..."

"டிராஃபிக்குக்காகவா?"

டிராஃபிக்குக்காக. அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டபோது அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பணத்துக்காகச் செய்திருந்தால்கூட மனிதன் ஏதோ ஆசைப்பட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? கண் காணாத தேசத்தில் ஒரு வாயில்லா ஜீவன் முனகிக்கொண்டு கிடக்கிறது, இங்கே ஒரு நல்ல மனுஷன் தன் கையைத் தானே வெறுக்கிறார், இவன் மட்டும் அன்றைக்கு நேரத்தோடு அடை தின்றிருக்கிறான்.

"போய்ச் சொல்லிருங்க," என்றாள் சந்திரகலா. "பருந்தைக் குடுக்குறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. வேலை போனா போகட்டும், பாத்துக்கலாம்."

வேலை போனா போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவனால் அதை அத்தனை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஜும்மா தொழுகை முடிகிற நேரத்துக்கு அல் கவானீஜில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

விருந்தாளிகளை உட்கார வைக்கும் மஜ்லிஸில் மக்தூம் தனியாக இருந்தார். பக்கத்தில் குட்டையான கட்டையின் மேல் பருந்து, கண்ணை மூடும் தோல் தொப்பியோடு. தம்பி வந்துகொண்டிருக்கிறானாம்.

"வா, வா பத்மா," என்று அவரே எழுந்து கஹ்வா, அரபிக் காபி, ஊற்றிக் கொடுத்தார்.

பத்மநாபன் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். நிலையான முனைதான் சரி என்று தனக்குத் தெரியும் என்றான். மைதானத்துக்குப் போகச் சோம்பல்பட்டதைச் சொன்னான். ஷார்ஜா ரோட்டைச் சொன்னான். அம்பில் ரத்தம் எதுவரை ஏறியிருந்தது, பிளேடு எப்படி வளைந்திருந்தது, அதற்கு என்ன அர்த்தம், எல்லாம் சொன்னான்.

"உங்க கை நடுங்கலை அர்பாப். தப்பு என்னோடது. வல்லாஹி, சத்தியமாச் சொல்றேன். பருந்தைக் குடுக்காதீங்க."

மக்தூம் முகம் மலர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. அதுதான் பத்மநாபனைக் கலங்கடித்தது.

"நீ நல்லவன் பத்மா. ஒரு கிழவன் மனசு நோகக் கூடாதுன்னு வெயில்ல இவ்வளவு தூரம் வந்து பழியை உன் மேல போட்டுக்கறே. அல்லா உனக்கு நல்லது செய்யட்டும்."

"இல்லை அர்பாப், நிஜமாவே..."

"கலாஸ், கலாஸ், போதும். எத்தனை வருஷமா உன்னைத் தெரியும் எனக்கு? ஒரு தடவை என் மனசுக்குப் பிடிக்காத பேச்சு பேசியிருக்கியா நீ? நான் எதைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவே. இன்னிக்கும் நான் சந்தோஷப்படணும்னுதான் பேசறே. எனக்குத் தெரியாதா?"

பத்மநாபன் மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொல்லப் பார்த்தான். மக்தூம் அவன் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார், பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தி வைத்தார். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. எவ்வளவு உருகிச் சொன்னானோ அவ்வளவுக்கு அவர் அவனை நல்லவன் என்று நம்பினார். இத்தனை வருடம் எல்லோருக்கும் இனிக்க இனிக்கப் பேசிய வாய், உண்மை பேச வந்த ஒரே நாளில் செல்லாமல் போயிற்று.

தம்பி வந்தான். சலாம், நலம் விசாரிப்பு எல்லாம் ஆயிற்று. அவன் கையில் தோல் உறையை மாட்டிக்கொண்டு அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் நின்றான். மக்தூம் கட்டைக்குப் பக்கத்தில் குனிந்தார். பருந்தின் காலில் கட்டிய வாரின் முடிச்சை ஒற்றைக் கையால் அவிழ்த்தார். பருந்துக்காரர்கள் அதை எப்போதும் ஒரு கையால்தான் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள். இன்னொரு கையில் பறவை இருக்குமல்லவா? சின்ன முடிச்சு, இறுக்கமான முடிச்சு. அவர் விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. வார் அவிழ்ந்து வந்தது, பருந்து சிறகைக்கூட அசைக்கவில்லை.

தம்பி அதைக் கவனிக்கவில்லை. மக்தூமும் பருந்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையைப் பார்க்கவில்லை. பார்த்தது பத்மநாபன் ஒருவன்தான், அவன் சொன்னால் நம்ப அந்த வீட்டில் யாரும் இல்லை.