கட்டலாம் என்று சொன்ன இடம்

வட்டக்கச்சியில் ஜெயரூபியின் காணி தெருவிலிருந்து வாய்க்கால் வரை நீளமாகக் கிடந்தது. பாதிக்கு மேல் வயல். மீதியில் வீடு, கிணறு, நாலைந்து தென்னை, ஓலைக் கொட்டிலில் மாடுகள். மாரி வந்தால் அந்தக் கொட்டில் ஒழுகும். மாடுகள் முழங்கால் சேற்றில் நின்று மடி வீங்கிப் பால் வற்றும். போன மாரியில் அப்படி ஒரு நல்ல பசு செத்தே போனது. அதற்குப் பிறகுதான் மகன் அனோஜன் ஒரு முடிவுக்கு வந்தான். சீமெந்துத் தரை போட்டுப் பெரிய கொட்டில் ஒன்று, பக்கத்தில் பால் வைக்க ஒரு சின்ன அறை. அது சரிவந்தால் ஊரில் இருப்பது. சரிவராவிட்டால் கூட்டாளி நிருஷனோடு கட்டாருக்கு வேலைக்குப் போவது. தர்மிளாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கலியாணத்துக்கு முதல் இரண்டிலொன்று தெரியவேண்டும்.

கொட்டிலுக்கு உதவி செய்யப் பால் சங்கம் ஒத்துக்கொண்டது. ஆனால் பிரதேச சபையின் கட்டட அனுமதி இல்லாமல் ஒரு மூட்டை சீமெந்தும் வராது என்று சொல்லிவிட்டார்கள். அனோஜன் கட்டடப் படம் கீறுவித்துச் சபையில் கொடுத்தான். சபையிலிருந்து ஆள் வந்து இடம் பார்ப்பார்கள் என்றார்கள்.

வந்தவர் ஓர் இளம் பெண், தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஸ்கூட்டியைத் தென்னையின் கீழ் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தார். நல்ல பிள்ளை. எப்படியாவது இவர்களுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அனோஜன் குறித்திருந்த இடத்தில் கட்ட முடியாது என்றார். கண்ணுக்கு மேடுபோலத் தெரிந்தாலும் பதிவில் அது வயல். வயலை நிரப்பிக் கட்டடம் போட விடமாட்டார்கள். வாய்க்கால் பக்கம் நீர்ப்பாசனத்துக்கு ஒதுக்கிய காணி. கிணற்றடியில் மாடு கட்டினால் குடிதண்ணீர் பழுதாகும். தெருக்கரையிலும் இடம் விடவேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தவர் கடைசியில் வடக்கு மூலையில் போய் நின்றார்.

“இந்த மூலை மேட்டுக்காணி. இஞ்சை கட்டலாம். இதுக்கெண்டால் நான் உடனை சிபாரிசு எழுதுவன்.”

அவருடைய காலடியில் ஒரு நந்தியாவட்டை நின்றது. அதன் கீழே எண்ணெய்க் கறை பிடித்த சுட்டி விளக்கு. அனோஜன் தாயைப் பார்த்தான். ஜெயரூபி புருசனைப் பார்த்தாள். சுதாகரன் வாய் திறப்பார், இது வேண்டாம் பிள்ளை, வேறை வழி பாருங்கோ என்று சொல்வார் என்று காத்து நின்றாள்.

“ஓம் பிள்ளை. அதிலையே கட்டுறம்” என்றார் சுதாகரன்.

அந்த மூலையில்தான் லக்சிகா இருந்தாள். அனோஜனுக்கு இளையவள். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், பள்ளிக்கூடமும் பூட்டிச் சனமெல்லாம் கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த நாளில், முற்றத்தில் ஷெல் விழுந்தது. பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள். ஜெயரூபிக்கு வயிற்றிலும் தொடையிலும் காயம். நினைவு தப்பிக் கிடந்தவளையும் அனோஜனையும் யாரோ உழவு மெசின் பெட்டியில் ஏற்றித் தர்மபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுதாகரன் பின்தங்கி நின்று, மகளைத் தனியாக அடக்கம் செய்துவிட்டுச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். கண் விழித்த ஜெயரூபி முதலில் கேட்டது பிள்ளையைத்தான். காணிக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தேன் என்று மட்டும் அவர் சொன்னார். அதற்கு மேல் கேட்க அவளுக்கும் சொல்ல அவருக்கும் அங்கே நேரம் கிடைக்கவில்லை.

சண்டை முடிய முகாமில் இருந்துவிட்டு, கண்ணிவெடி எடுத்து முடித்தார்கள் என்று சொன்ன பிறகு திரும்பி வந்தார்கள். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் நின்றது. ஜெயரூபி தோளில் கிடந்த பையை இறக்காமலே, எங்கை எண்டு காட்டுங்கோ என்றாள். சுதாகரன் காணிக்குள் அங்குமிங்கும் நடந்தார். அவள் பின்னாலேயே நடந்தாள். வடக்கு மூலைக்கு வந்ததும் நின்று, “இஞ்சைதான்” என்றார். அவள் அப்படியே குப்புற விழுந்து மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள்.

அன்றிலிருந்து அந்த மூலை அவளுடையதாயிற்று. கல் வைக்கவில்லை; வருகிறவர்கள் கேட்டால் சொல்லத் தெம்பில்லை. நந்தியாவட்டை மட்டும் நட்டாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்குக் கொளுத்துவாள். மாடு கன்று போட்டது, அண்ணா சோதனை பாஸானது, தர்மிளா வீட்டார் வந்து போனது, எல்லாவற்றையும் அங்கே குந்தியிருந்து சொல்லுவாள். சுதாகரன் அந்தப் பக்கம் வரமாட்டார். ஒருமுறை அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

உத்தியோகத்தர் போனபிறகு அவள் சுதாகரனோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்துகொண்டாள். அனோஜன் வந்து பக்கத்தில் குந்தினான். கொட்டிலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நான் நிருஷனோடு போகிறேன், மூலை அப்படியே இருக்கட்டும் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. ஒரு பிள்ளையை வைத்திருக்க மற்றப் பிள்ளையை அனுப்பவேண்டும் என்று யாரோ கணக்குப் பார்த்து வைத்ததுபோல இருந்தது.

பின்னேரம் சுதாகரன் வாய்க்கால் கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவள் நேரே போய் நின்றாள்.

“என்ரை பிள்ளைக்கு மேலை மாட்டைக் கட்டப்போறியளோ?”

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். அறுத்த புல்லின் மேல் குந்தினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அங்கை ஒண்டும் இல்லை, ரூபி.”

அவளுக்கு விளங்கவில்லை.

“பழைய கிணத்துக்குப் பக்கத்திலை, தேசிக்காய் மரத்தடியிலைதான் பிள்ளையை வைச்சனான். வந்து பாத்தால் கிணறுமில்லை, மரமுமில்லை. சண்டைக்கு மண்ணைத் தள்ளி அணை கட்டியிருக்கிறாங்கள். பிறகு அந்த அணையையும் மெசினாலை நிரவியிருக்கிறாங்கள். அண்டைக்கு நடந்து நடந்து பாத்தன். எனக்கு ஒரு பக்கமும் பிடிபடேல்லை. நீ பையோடை பின்னாலை வாறாய். தெரியாதெண்டு உனக்கு எப்பிடிச் சொல்லுறது?”



“அப்ப பிள்ளை எங்கை?”

“காணிக்குள்ளைதான்” என்றார். பிறகு, “காணிக்குள்ளைதான் எண்டு நினைக்கிறன்” என்றார்.

ஜெயரூபி அழவில்லை. அவர் மீது கோபப்படவேண்டும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. இத்தனை வெள்ளிக்கிழமை அவள் வெறும் மண்ணோடு கதைத்துக்கொண்டிருந்ததை இந்த மனுசன் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் வராதது அதனால்தான். அவள் குனிந்து புல்லைக் கட்டினாள். புல்லுக்கட்டைத் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டாள். இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள்.

அனோஜன் கொழும்பு ஏஜென்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். வைக்கச் சொன்னாள்.

“கொட்டிலைக் கட்டு. நீ ஒரு இடமும் போகவேண்டாம்.”

“அப்ப தங்கச்சி?”

“தங்கச்சி ஒண்டும் சொல்லமாட்டாள்” என்றாள் ஜெயரூபி. தகப்பன் சொன்னதை அவனுக்கு அவள் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

அனுமதி வந்தது. சீமெந்து வந்தது. அத்திவாரம் வெட்டத் தொடங்கிய நாளில் அனோஜன் நந்தியாவட்டையை வேரோடு கிளப்பி வீட்டு வாசலில் நட்டான். ஜெயரூபி வெயிலில் நின்றாள். மேசன், நிழலில் போய் இருங்கோ அக்கா என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. மண்வெட்டி அள்ளிப் போட்ட மண்ணையெல்லாம் உற்றுப் பார்த்தாள். புருசன் சொன்னது பிழையாக இருக்கலாம், அன்றைக்குத் தெரியாமல் காட்டினாலும் சரியான இடத்தையே காட்டியிருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை கிடந்தது. வேரும் கிரவல் மண்ணும்தான் வந்தன. கடைசி அத்திவாரக் கிடங்கையும் வெட்டி முடித்து ஆட்கள் கை கழுவப் போனபோது, அவள் கிடங்கில் இறங்கி விரலால் கிண்டிப் பார்த்தாள். பிறகு கொங்கிறீட் போட்டார்கள்.

கொட்டில் நல்லபடி வந்தது. மாடுகள் காய்ந்த தரையில் படுத்தன. பால் கூடியது. இடம் பார்த்த உத்தியோகத்தர் ஒருநாள் அந்த வழியால் போகும்போது இறங்கிவந்து பார்த்துச் சந்தோசப்பட்டார். ஜெயரூபி அவருக்கு ஒரு போத்தல் பால் கொடுத்துவிட்டாள். அனோஜன் கட்டாருக்குப் போகவில்லை. ஆவணியில் கலியாணம் முடித்துத் தர்மிளாவைக் கூட்டிவந்தான்.

முதல் மழை விழுந்ததும் காலபோக விதைப்புக்கு உழத் தவராசா உழவு மெசினோடு வந்தார். ஒரு சுற்று முடிய அவர் திரும்பிப் பார்த்தார். ஜெயரூபி வெறுங்காலோடு புது உழவுச் சாலில் நடந்துவந்தாள். புரண்ட மண்ணைப் பார்த்தபடி, கட்டி பெரிதாக இருந்த இடத்தில் குனிந்து கையால் உடைத்தபடி வந்தாள். அவர் மெசினை நிறுத்தி, ஏதும் விழுந்து போச்சோ தங்கச்சி, தோடோ சங்கிலியோ என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. நீங்கள் உழுங்கோ.”

மெசின் மறுபடி நகர்ந்தது. கொக்குகள் பின்னால் இறங்கின. வரம்பில் நின்ற சுதாகரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். அவள் நடந்த சாலுக்கு மறுபக்கச் சாலில் அவரும் தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார்.