பட்டினிச் சேவல்

வெள்ளறடையில் ஜிஜா வளர்த்த பிராய்லர் சேவலைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் பாவி என்றார்கள். வெள்ளை வெளேரென்று, தடித்த காலோடு, எந்நேரமும் பசித்துக் கத்திக்கொண்டு நிற்கும். அவளோ காலையில் ஒரு சிரட்டைத் தீவனம், சாயங்காலம் ஒரு சிரட்டை, அதற்கு மேல் ஒரு மணிகூடக் கொடுக்கமாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய நாட்டுக்கோழிகள் ரப்பர் தோட்டமெல்லாம் கிளறித் தின்னும், நோய்நொடி தாங்கும். ஆனால் கறிக்கு ஆவதற்கு ஆறேழு மாதம் இழுக்கும். பிராய்லரோ சட்டென்று ஊதும், வெயில் பட்டால் சுருண்டுவிடும். இரண்டையும் சேர்த்து, கிளறவும் தெரிந்த, விறுவிறுவென்று வளரவும் செய்கிற குஞ்சுகள் வேண்டும் என்பது அவள் ஆசை. கணவன் அனிலுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்தால் வேலை நின்றுவிடும், அப்புறம் கோழிதான் அடுப்பெரிக்கும். வாங்கிய பிராய்லர் குஞ்சுகளில் பிழைத்துச் சேவலானது இது ஒன்றே. வயிறு நிறையத் தின்றால் உடம்பு பெருத்துப் பெட்டைகளோடு சேர முடியாது, நெஞ்சும் அடைத்துவிடும். அதனால்தான் பட்டினி.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சுகுமாரியிடம் யார் சொன்னார்கள்? ஓர் உயிர் பசித்துக் கத்தினால் அவளுக்குச் சோறு இறங்காது. வேலி வழியே அவித்த மரச்சீனிக் கிழங்கு தினமும் போனது. சேவல் பெருத்தது. ஜிஜா திகைத்துப்போய் அளவைக் குறைத்தாள். சேவல் இன்னும் கத்தியது. சுகுமாரி இன்னும் போட்டாள். மாசி வெயிலில் ஒரு மத்தியானம் அது காலை நீட்டிப் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

ஜிஜா போட்ட சத்தம் கேட்டு சுகுமாரி அழுதுகொண்டே ஓடிவந்தாள். “மக்கா, நான்தான் ஆக்கும் தீனி போட்டேன். அது கெடந்து நெலவிளிக்கது எனக்குப் பொறுக்கல்ல.”

ஜிஜாவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. ஆனால் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எதுவும் இறங்காமல் கிடந்தவளுக்கு, கேட்காமலே கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து ஊட்டியதும் இதே மனசுதான். அந்த மனசில் பாதியை வாங்கி வைத்துக்கொண்டு மீதியைத் திட்டுவது எப்படி?

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் வழி சொன்னார். சேவல் போனாலும் ஒரு வாரம்வரை பெட்டைகள் இடும் முட்டையில் கரு இருக்கலாம். ஜிஜா முட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். ஆனால் அவளிடம் அடைகாக்க ஒரு கோழியும் உட்காரவில்லை.

“எனக்க கோழி அடை கெடக்கு. இஞ்ச தா மக்கா,” என்று சுகுமாரி கூடையோடு வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று வாரத்தில் ஒன்பது குஞ்சு பொரிந்தன, எல்லாம் தடித்த காலோடு. ஜிஜா அங்கேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். அடைக்கோழிக்காரிக்குப் பாதி என்பது வழக்கம். பங்கு பிரிக்க உட்கார்ந்தபோது பிள்ளை உண்டாகியிருந்த சுகுமாரியின் மகள் சுமி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“அக்கா, அம்மைக்க கோழி வேற முட்டையிலதான் கெடந்துது. எனக்க பேறுக்குக் கோழி வேணும்னு வச்சது. ஒங்களுக்காக எல்லாத்தயும் எடுத்துத் தூரப் போட்டா.”

சுகுமாரி பங்கு வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். அன்று இரவு ஜெபத்தில் ஜிஜா தன் பிள்ளைகளின் பேருக்கு முன்னால் அவள் பேரைச் சொன்னாள்.

ஆவணியில் சுமிக்குப் பெண்குழந்தை. ஜிஜாவின் நாட்டுக்கோழி என்றால் இந்த வயதில் பாதி எடைதான் இருந்திருக்கும். இந்தக் கலப்புக் குஞ்சுகளோ முற்றிக் கனத்து நின்றன. அவற்றில் பெரிய சேவலைத் தூக்கிக்கொண்டு ஜிஜா போனாள். அதை இனம் பெருக்க நிறுத்தவேண்டும் என்று அனில் சொல்லியிருந்தான். தம்பிச் சேவல் போதும் என்றுவிட்டாள்.

“நல்லதயா கொண்டு வந்த?” சுகுமாரி பதறினாள்.

“ஒங்க கோழி சூடு குடுத்தது அக்கா. மொதக் கறி சுமிக்குத்தான்.”

சுகுமாரி அதை வாங்கி, இரைப்பையைத் தடவிப் பார்த்தாள். “இதயும் பட்டினி போட்டியா மக்கா?”

“இல்லக்கா. இதுவ ஓடிக் கிளறித் திங்கும், எவ்வளவு தின்னாலும் ஒண்ணும் ஆவாது. எல்லா நாளும் வயிறு நெறயத் தின்னுச்சு.”

சுகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.