யார் போட்ட உப்பு

மகளின் நெற்றியில் முத்தமிட்டதும் விஹ்ராவுக்கு உதடு கரித்தது. ஆகஸ்ட் வெயில், தன் வியர்வையாகத்தான் இருக்கும் என்று புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தாள். கடல் தண்ணீர் வாய்க்குள் போனதுபோல் இருந்தது. நான்கு மாத நெவேனா அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஓயாமல் பால் குடித்தும் எடை ஏறாத குழந்தை. பத்து நாளாக இருமல் வேறு.

பஸார்ஜிக் நகரப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள் விஹ்ரா. வருடா வருடம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் செல் என்று சொல்லி, அதன் சுவரில் சின்னச் சின்னக் கதவுகள் வரைவாள். எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறக்காது, உப்புக்கு உப்பின் கதவுதான் என்பாள். போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். "அந்தக் கதவு பொறக்கும்போதே கெட்டுப்போயிருந்தா, டீச்சர்?" வியர்வையிலிருந்து உடம்புக்குத் திரும்ப வேண்டிய உப்பு தோலிலேயே நின்றுவிடும், நுரையீரலில் சளி பசையாக இறுகும் என்று கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டியபடியே சொல்லி முடித்தாள். மணியடித்தது. போய்விட்டாள். கதவு கெட்டுப் பிறக்கும் அந்த நோயின் பெயரை இப்போது மனதுக்குள்கூட அவள் சொல்லிப் பார்க்கவில்லை.

அதற்குப் பதிலாக நாத்தனார் ஸ்தாங்காவை நினைத்தாள். நினைத்ததும்தான் மூச்சு வந்தது. குழந்தையின் உடம்பில் உப்பைத் தேய்த்துக் கழுவினால் வளர்ந்தபின் வியர்வை நாறாது என்பது ஊர் வழக்கம். நெவேனா பிறந்தபோது ஸ்தாங்கா உப்பும் கையுமாக வந்து நின்றாள். விஹ்ரா கூடவே கூடாது என்றாள். ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பால்கனியில் ஸ்தாங்கா விடியற்காலையிலிருந்து குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைவரை கரி. பக்கத்துத் தட்டில் உப்புத் தூவிய கத்திரிக்காய் வில்லைகள்.

"அக்கா, பாப்பாவுக்கு உப்பு தேச்சீங்களா?"

"ஆரம்பிச்சிட்டியா, டீச்சரம்மா? நீ கத்தின கத்துக்கு அப்புறம் நான் ஏன் தொடப் போறேன்? நாளைக்கு இவ பக்கத்துல எவனும் நிக்கலைன்னா என்னைக் கேக்காதே."

"நான் கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா. எனக்குத் தெரியாமப் போட்டிருந்தாலும் பரவால்ல." விஹ்ரா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "போட்டேன்னு சொல்லுங்க அக்கா."

ஸ்தாங்கா மிளகாயைக் கீழே வைத்தாள். விஹ்ராவின் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடியும் விஹ்ராவைப் பார்த்தாள்.

"போட்டேன்," என்றாள்.

"எப்போ?"

"காலையில. நீ குளிக்கப் போனப்ப. இப்ப என்ன, போலீஸைக் கூப்பிடப் போறியா?"

விஹ்ரா வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நாத்தனாரின் கன்னத்தில் முத்தமிட்டாள். வெதுவெதுப்பான நீரில் குழந்தையை ஒருமுறைக்கு இருமுறை கழுவினாள். துடைத்து, பால்கனி நிழலில் மடியில் போட்டுக்கொண்டாள். இனி வியர்க்கட்டும், அப்போதும் கரிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

"இன்னிக்கே பாக்கணுமா? சாப்பிட்டு வா, போ," என்றாள் ஸ்தாங்கா.

விஹ்ரா அசையவில்லை. குளிப்பாட்டும்போது குழந்தைக்குக் கழற்றிப்போட்ட வெள்ளைச் சட்டை நாற்காலியில் கிடந்தது. அதில் ஒரு விரல் கரிகூட இல்லை. அவள் கண் அந்தச் சட்டையின்மேல் போயிற்று. ஸ்தாங்காவின் கைகளுக்குப் போகுமுன் திரும்பிக்கொண்டது.

மிளகாய் அடுப்பில் அனல் அடித்தது. கத்திரிக்காய் வில்லைகளின் மேல் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் கோத்து நின்றது. நெவேனாவின் மேலுதட்டிலும் ஒரு சொட்டு, கடுகளவு, திரண்டது. விஹ்ரா குனிந்தாள். பாதியில் நின்றாள்.

"நான் பாக்கட்டுமா?" என்றாள் ஸ்தாங்கா, கரி படிந்த கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து.

சொட்டு இன்னும் விழவில்லை.