நான்கு கிலோ

அண்ணன் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்தபோது அவள் நீர்மூழ்குவோரின் முகக்கண்ணாடிகளை நன்னீரில் அலசிக்கொண்டிருந்தாள். சீட்டு அவள் எழுதியதுதான். முந்தைய நாள் காலை, முதன்முறையாகக் கடலுக்குள் இறங்க வந்திருந்த பல் மருத்துவர் அம்மையாரின் உயரம், உடல் எடை, துடுப்புக் காலணியின் அளவு, மெல்லிய ரப்பர் உடை, ஈயம் நான்கு கிலோ. அடியில் அவளுடைய கையெழுத்து.

“நாலை அடிச்சிட்டு ஆறுன்னு எழுதிடு,” என்றான் அண்ணன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஸ்கூபா நிலையத்தின் சாமான் அறை அவள் பொறுப்பில் இருந்தது. படகுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘தராசு’. ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாளானால், மிதக்காமல் நீருக்குள் இறங்க இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். “தராசக்கா, எனக்கு எவ்வளவு?” என்று படகோட்டி வம்புக்கு இழுத்தால், “உனக்கு எவ்வளவு கட்டினாலும் பத்தாதுப்பா, வாய் பூரா காத்து,” என்பாள். குளிர்க்கடல்களில் தடித்த உடையோடு பழகியவர்கள் எட்டுக் கிலோ கேட்டு அடம் பிடிப்பதுண்டு. வெதுவெதுப்பான நீரில் மெல்லிய உடைக்கு அதில் பாதியே போதும் என்று அவர்களிடம் அவள் சலிக்காமல் எடுத்துச் சொல்வாள். புதியவர்களையோ இறங்குதுறையின் ஓரத்தில், கால் எட்டாத நீரில் நிறுத்திப் பார்க்காமல் படகேற விடமாட்டாள். மிதவைச் சட்டையிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு இயல்பாக மூச்சைப் பிடித்தால், நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் உடல் மெல்ல அமிழ வேண்டும். பல் மருத்துவர் நான்கு கிலோவில் அவ்வாறே நின்றார். அவள் தன் கண்ணால் கண்டாள்.

நடுக்கடலில் நிகழ்ந்தது வேறு. அச்சத்தில் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு நீர்மேலேயே தத்தளித்தவரின் மிதவைச் சட்டைப் பையில், பயிற்றுநரான அண்ணன் இரண்டு ஒரு கிலோ ஈயக்கட்டிகளைச் செருகினான். அவனுடைய நெடுநாள் வழக்கம் அது. அவர் கல்லைப்போல் இறங்கினார். மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய அவகாசம் கிட்டவில்லை. ஒரு காதின் சவ்வு கிழிந்தது.

“ரெண்டு கட்டி போட்டது நீதானே அண்ணா?”

“ஆமா, போட்டேன். பத்து நிமிஷம் ஒருத்தரைக் கொஞ்சிக்கிட்டு இருந்தா, அடுத்த கூட்டத்தை யாரு கூட்டிட்டுப் போறது? நீயா?”

“அதையே முதலாளிகிட்ட சொல்லிடேன்.”

“சொன்னா என் லைசென்ஸ் போயிடும். நீ எழுதினதுன்னா, ரூம்ல இருக்கிற பொண்ணு தப்பா எழுதிட்டான்னு ஒரே வரியில முடிஞ்சிடும். உனக்கென்ன போகப்போகுது?”

போவது என்னவென்று அவன் அறியாதவன் அல்லன். அடுத்த மாதம் அவள் கடலடி வழிகாட்டிக்கான தேர்வு எழுதவிருந்தாள். ஈயத்தைத் தவறாகக் கணித்தவள் என்று பதிவாகிவிட்டால், முப்பத்தெட்டு வயதில் எந்தத் தேர்வுக்கூடம் அவளை உள்ளே விடும்? அவன் அதற்குள் அம்மாவிடமும் பேசியிருந்தான். தொலைபேசியில் அம்மா, “அவன் பிள்ளைகுட்டிக்காரன்டி. நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்தா தேய்ஞ்சா போயிடுவே?” என்றாள்.

திருத்தாத சீட்டை எடுத்துக்கொண்டு அவள் முதலாளியின் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் வியப்படையவில்லை.

“தெரியும்மா. அந்தம்மா சட்டைப் பையைத் தடவிப் பார்த்ததே நான்தான்.”

“அப்போ ஏன் சார்…”

“உங்கண்ணன் இல்லேன்னா நாளைக்குப் படகு கிளம்பாது. நீ இல்லேன்னா கண்ணாடி கொஞ்சம் அழுக்கா இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். மனசுல வச்சுக்காதே.” ஆறுதல் கூறுகின்ற குரலில்தான் சொன்னார். தம் பேனாவின் மூடியைக் கழற்றி, அவள்பால் நீட்டவும் செய்தார்.

அவள் நான்கை அடித்து ஆறு என்று எழுதினாள். பன்னிரண்டு ஆண்டுச் சீட்டுகளில் அவள் இட்ட முதல் அடித்தல் அது.

பிற்பகலில் பல் மருத்துவர் காதில் பஞ்சுடன் வந்தார். அண்ணன் வாசலோரத் தொட்டியில் மிதவைச் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் முதலாளி காப்பீட்டுக்காரர்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

“எல்லாம் நான் பண்ணின கூத்து,” என்று பல் மருத்துவர் சிரித்தார். ஒரு காது அடைத்திருந்தமையால் குரல் கூரையை முட்டிற்று. “மூக்கைப் பிடிச்சு ஊதணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. பயத்துல மறந்தே போச்சு. உங்க அண்ணனுக்குத்தான் பாவம், கெட்ட பேரு.”

அண்ணன் நிமிரவில்லை.

அவர் கைப்பையிலிருந்து ஒரு புதிய குறிப்பேட்டை எடுத்தார். இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆழம், நேரம், உடை, ஈயம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் ஏடு. “காது ஆறினதும் தங்கச்சியோட வேற கடலுக்குப் போறேன். இதே மாதிரி வெதுவெதுப்பான தண்ணிதான். போன உடனே எத்தனை கிலோன்னு கேட்பாங்களாம். நான் என்னத்தைக் கண்டேன்? நீங்களே எழுதிக் குடுங்க, அதையே காட்டிடறேன்.”

ஏட்டில் ஈயத்திற்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.

“ஆறுன்னு எழுதும்மா,” என்றான் அண்ணன் அவளிடம், தாழ்ந்த குரலில். பல் மருத்துவருக்கு அது கேட்கவில்லை.

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுதி, ஏட்டைத் திருப்பி அவர் முன் நகர்த்தினாள்.

“நாலா?” பல் மருத்துவர் உரக்கக் கேட்டார். “நாலு கிலோவா போட்டீங்க எனக்கு?”

அடுத்த அறையில் தட்டச்சின் ஓசை நின்றது. அவள் மேசையைச் சுற்றி நடந்து, பஞ்சு இல்லாத காதின் பக்கம் வந்து குனிந்தாள். வாசலில் அண்ணன் தொட்டிக்குழாயை மூடாமலேயே எழுந்து நின்றிருந்தான். நிறைந்த தொட்டியின் விளிம்பைத் தாண்டிய நீர் தரையில் பரவி, அவர்கள் மூவரின் கால்களையும் நோக்கி வந்துகொண்டிருந்தது.