இல்லப்பா, இன்னொண்ணு சொல்லு

"பதினாலு," என்று முணுமுணுத்தபடி மாமனார் மடிக்கணினியில் ஒற்றை விரலால் தட்டினார்.

'இல்லப்பா. இன்னொண்ணு சொல்லு.'

காலையிலிருந்து திரையில் அதே வரிதான். மருமகன் அந்த மாடி அறைக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கீழே கூடத்தில் அவன் மனைவி கிடத்தப்பட்டிருந்தாள். நேற்று அலுவலகப் படியில் சரிந்தவள்; மருத்துவமனை வரை உயிர் தங்கவில்லை.

"வண்டி வந்தாச்சு. மனுஷன் விளையாட்டை விட்டு எழுந்திரிக்கலையே!" என்றாள் அவளுடைய பெரியம்மா. "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க."

அவன் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, நேரமாச்சு."

"ஒண்ணுலேர்ந்து இருபதுக்குள்ள ஒரு நம்பர் ஒளிச்சு வச்சிருக்காளாம். எல்லாம் போட்டுட்டேன். அவ கேட்டுக்கிட்டே இருக்கா. பாதியில எப்படி எழுந்திரிக்கிறது?"

அவன் மனைவி பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்காக எழுதிய முதல் விளையாட்டு இது.

விளையாட்டை நிறுத்த அவன் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினான். திரையில் சிவப்பாகப் பிழைச் செய்தி வரிகள் கொட்டின. மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடைச்சிட்டீங்களா?"

"இல்ல மாமா. வெளிய வர வழி வைக்க மறந்துட்டா. நான் வைக்கிறேன்."

நிரலைத் திறந்தான். பார்த்ததும் புரிந்தது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பைத்தானுக்கு அது எழுத்து. அவள் ஒளித்துவைத்திருந்தது எண். எழுத்தை எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டிருந்தாள். என்ன போட்டாலும் பொருந்தாது. புதிதாகப் படிக்கிற எல்லாரும் செய்கிற தப்பு. ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும்.

அந்த வரியை அவன் தொடவில்லை. அதற்கு மேலே இரண்டு வரி சேர்த்து, மறுபடி ஓடவிட்டான்.

"சைபர் அடிங்க மாமா. நின்னுடும்."

"அவ கோவிச்சுக்க மாட்டாளே?"

"மாட்டா."

"ஒரே ஒரு தடவை," என்று மாமனார் ஏழு என்ற எண்ணைத் தட்டினார்.

'இல்லப்பா. இன்னொண்ணு சொல்லு.'

கீழே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சைபரை அழுத்தினார்.

விளையாட்டு நின்றது. வெற்று வரியில் கர்சர் மட்டும் துடித்தது.

"ஒண்ணுமே சொல்லலையே."

"அதுக்கு நான் எதுவும் எழுதலை மாமா."

மாமனார் தலையசைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையின் வலப்பக்கம் பையைத் தேடினார். பை இடப்பக்கம் இருந்தது. அவன் கண்ணாடியை வாங்கிக்கொண்டான்.