விட்டால் நின்றுவிடும் எஞ்சின்

தங்கவேலுவுக்கு வேண்டியது பிரேக் இல்லாத எஞ்சின். அதைக் கூட வரும் மேனேஜரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் திருப்பதியிலிருந்து சித்தூர்க் கடைக்கு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார்.

அலிபிரி சாலைக் கல்யாண மண்டபத்தில் புல் வெட்டுவது அவர் வேலை. பழைய மெஷினின் கைப்பிடியில் வலப்பக்கம் ஒரு லீவர் உண்டு. அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஓடும், விட்டால் பிரேக் விழுந்து நின்றுவிடும். போன வருடம் வண்டியிலிருந்து விழுந்தபோது முறிந்த கை, புத்தூர்க் கட்டுப் போட்டதில் கூடிவிட்டது. ஆனால் வலது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. மேனேஜர் ஜெகநாதனிடம் "நல்லாயிடுச்சி சார்" என்று சொல்லிவிட்டு, லீவரை நூலால் கட்டியே ஓட்டிவந்தார். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார். எஞ்சின் புகை கக்கிச் செத்த அன்று மட்டும் பதற்றத்தில் அவிழ்க்க மறந்துபோனார்.

கடைக்கார ரவி இரண்டு எஞ்சின்களை எடுத்து வைத்தான். இரண்டுமே பழைய மெஷினுக்குப் பொருந்தும். ஒன்றில் பிரேக் உண்டு. மற்றதில் இல்லை, பிடிக்க வேண்டியதும் இல்லை.

"இதே போதும் சார். பிரேக்குன்னா கேபிள் அறுந்துக்கினே இருக்கும்" என்றார் தங்கவேலு.

"உன் கால் போயிட்டா யாருப்பா பதில் சொல்றது? உனக்காகத்தான் சொல்றேன்" என்றார் ஜெகநாதன். "ரவி, பிரேக் இருக்கிறதையே மாட்டு."

பிளேடைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த மெஷினிலேயே மாட்டி ஓடவிட்டான் ரவி.

"புடி. நான் டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும் புடிச்சிக்கினு இரு" என்றார் ஜெகநாதன்.

தங்கவேலு உள்ளங்கையால் அழுத்தினார். லீவர் நழுவியது. எஞ்சின் நின்றது.

"இன்னா மாமா, காலைல துன்னலியா?" என்றான் ரவி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுபடி ஓடவிட்டான். இந்த முறை மணிக்கட்டைக் கொடுத்து அழுத்தினார். ஜெகநாதன் ஒரு வாய் உறிஞ்சினார், ஊதினார், இன்னொரு வாய் உறிஞ்சினார். எஞ்சின் நின்றது.

ஜெகநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் பச்சை நூலை எடுத்தார். நடுவில் கடுகளவு முடிச்சு.

"லீவர்ல இருந்திச்சி. மெக்கானிக்கால அவுக்க முடியல, அறுத்துட்டான். தறி ஓட்டினவன் போடற முடிச்சி இல்ல இது? நம்ம மண்டபத்துல நகரித் தறிக்காரன் நீ ஒருத்தன்தான்."

அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய கை. அந்த முடிச்சுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே போதும்.

"தெரிஞ்சிக்கினேவா சார் புடிக்கச் சொன்னீங்க?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்." டம்ளரை வைத்தார். "நாளைக்கு வேற ஆள் வர்றான். அவனுக்குத் தோட்டத்தைக் காட்டிட்டுக் கெளம்பு."

மெஷினை ஆட்டோவின் பின்னால் ஏற்றினார்கள். ஜெகநாதன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"சாயாம புடிச்சிக்கினு வா. அதுவாவது முடியுதான்னு பாப்போம்."

தங்கவேலு சூடு ஆறாத எஞ்சினை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். திருப்பதி வரும்வரை ஒரு வளைவிலும் விடவில்லை.